மஞ்சள் தடவிய வாத்து இறக்கை

என் மச்சானுக்கு இந்த உலகத்தில் இரண்டே பேரைத்தான் பிடிக்காது. ஒன்று, அவருடைய செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் காட்டுப்பன்றி. இன்னொன்று நான். பன்றியைச் சுட லைசென்ஸ் வைத்திருக்கிறார். என்னைச் சுட முடியாது, தங்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

லாயாங் லாயாங் என்ற ஊரில் அவர் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சதுப்புக் குளம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை அங்கே காட்டு வாத்து சுட்டு, பண்டிகைக் குழம்புக்கு எடுத்து வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். வருடா வருடம் என்னைத் தேங்காய் துருவ உட்கார வைத்துவிட்டு அவர் துப்பாக்கியோடு கிளம்பிவிடுவார். "மாப்ள, நீங்க சிங்கப்பூர் ஆபீஸ்ல ஏர்கோன்ல உக்காந்து பழகினவங்க. இந்தச் சேறெல்லாம் உங்களுக்கு ஒத்துக்காது லா."

அந்த ரோஷத்தில்தான் லாப்ரடார் ரிட்ரீவர் குட்டி ஒன்று வாங்கினேன். சுட்டு விழுந்த வாத்தை நீந்திப் போய், பல் படாமல் கவ்விக்கொண்டு வரவே பிறந்த ஜாதி நாய் என்று விற்றவன் சொன்னான். ஈஸ்டர் சாப்பாட்டின்போது அதைப் பெருமையாக எடுத்து விட்டேன்.

"அலமாக்!" என்றார் மச்சான். "சரி மாப்ள. கிறிஸ்துமஸுக்கு அது வாத்தக் கொண்டாந்துச்சுன்னா, அடுத்த வருசத்துலேர்ந்து துப்பாக்கிக்குப் பக்கத்துல நீங்க, தேங்கா துருவறது நான். கொண்டாரலன்னா நாய் இங்கயே இருக்கட்டும். பன்னி வந்தா குலைக்கறதுக்கு, கட்டிப் போட எனக்கும் ஒண்ணு வேணும்."

என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. "சரி" என்றேன்.

நான் அதற்கு முன் ஒரு பூனையைக்கூடப் பழக்கியதில்லை. இணையத்தில் ஒரு வெள்ளைக்காரரைக் குருவாகப் பிடித்தேன். பனி மூடிய ஏரிக்கரையில், முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, விசில் ஊதி அவர் நாயை ஆட்டிப் படைத்தார். நானும் பூட்ஸ் வாங்கினேன், விசில் வாங்கினேன். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள திடலில், கொளுத்தும் வெயிலில் அந்தக் கோலத்தோடு போய் நின்றேன். எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி என்னை நகராட்சி ஆள் என்று நினைத்து, தன் வீட்டு லோங்காங் சாக்கடையும் அடைத்திருக்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டார்.

விசில் ஊதினால் குட்டி உட்கார வேண்டும். அது மல்லாந்து படுத்தது. பந்தை எறிந்தால் ஓடிப் போய் எடுக்கும், பிறகு எனக்கு எதிர்த்திசையில் எங்கேயாவது போகும். மாதக்கணக்கில் இதே கூத்து. வெள்ளைக்காரர் இன்னொரு வீடியோவில், அசல் வாத்து இறக்கையைத் துணி உருளையில் கட்டி எறியுங்கள் என்றார். சந்தையில் வாத்து வாங்கி, இறக்கைகளை வெட்டி, ஐஸ் பெட்டியில் வைக்கப் போனேன். மனைவி குறுக்கே நின்றாள்.

"மஞ்சள் தடவாம எந்தக் கறியும் என் ஐஸ் பெட்டிக்குள்ள போகாது."

"இது கறி இல்ல. டிரெயினிங் சாமான்."

"நாறுனா எல்லாம் கறிதான். குடுங்க இங்க."

இறகோடு சேர்த்து உப்பும் மஞ்சளும் போட்டு, குழம்புக்குத் தேய்க்கிற மாதிரியே தேய்த்தாள். குட்டி அவள் காலடியில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கி மோந்துகொண்டிருந்தது. நாய் முடி சோற்றில் விழுகிறது என்று வாய் ஓயாமல் கத்துகிறவள், நான் வேலைக்குக் கிளம்பியதும் அதற்கு ஈரல் சோறு பிசைந்து ஊட்டுகிற விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

மஞ்சள் இறக்கை வந்த பிறகு ஆண்டவர் கண் திறந்தார். புல்லில் எறிந்தாலும், சாக்கடையில் எறிந்தாலும், குட்டி தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் கையில் மெதுவாக வைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் பூசை முடிந்ததும் நாலு பேரை நிறுத்தி நாய் வளர்ப்புக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை லாயாங் லாயாங்கில் காரை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது சங்கிலி. ரம்புத்தான் மரத்தில் சுற்றி, பூட்டோடு, தயாராகத் தொங்கியது. மனைவி அதைப் பார்த்தாள். பிறகு தன் அண்ணியோடு, அதாவது மச்சான் மனைவியோடு, போய்ப் பாயை விரித்தாள்.

மச்சான் சுட்டார். வாத்து ஒன்று குளத்து நடுவில் தொப்பென்று விழுந்தது. என் விசிலுக்குக் குட்டி தண்ணீரில் பாய்ந்த அழகைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. நேராக நீந்திப் போனது. வாத்தை மோந்து பார்த்தது. 'இது நம்ம வாத்து இல்லை' என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரையேறி, என்னையும் தாண்டி ஓடியது.

அண்ணி வாட்டுவதற்காக மஞ்சளும் மிளகாயும் பிரட்டி வைத்திருந்த கோழித் தொடைகள் ஒரு பேசினில் இருந்தன. அதில் பெரியதாக ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, என் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, என் உள்ளங்கையில் வைத்தது. ஒரு பல் தடம் இல்லை. வெள்ளைக்காரர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, வேட்டை நாய்ன்னு சொல்லிச் சமையக்காரனக் கூட்டியாந்திருக்கீங்க! சரி, பேச்சு பேச்சுதான். புடிச்சாந்து சங்கிலில மாட்டுங்க." வாலை ஆட்டிக்கொண்டிருந்த அந்தப் பைத்தியத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

"மொதல்ல வாத்த எடுங்கண்ணே, குழம்புக்கு வேணும்ல," என்றாள் மனைவி.

எடுக்க ஆள் யார்? எனக்குச் சேறு ஒத்துக்காது என்று அவரே எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறார். மச்சான் துப்பாக்கியைக் காலி செய்து காரில் பூட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி, முனகிக்கொண்டே இறங்கினார். இடுப்பளவு சேற்றில் உழன்று போய், வாத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து கரையேறினார். மூச்சு வாங்க, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, தங்கை காலடியில் அதை வைத்தார்.

அவள் குனிந்து வாத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்களே இவ்வளவு அழகா எடுத்துக்கிட்டு வர்றீங்க. உங்களுக்கு எதுக்கு நாய்?"

அண்ணி வெடித்துச் சிரித்தாள். மனைவி கார்க் கதவைத் திறந்து, "ஏறுடா" என்றாள். நான் விசிலைத் தேடுவதற்குள் குட்டி ஏறி உட்கார்ந்துவிட்டது. காரைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மச்சான் ரம்புத்தான் மரத்தடியில், அந்தச் சங்கிலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, காலில் ஒட்டிய அட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.