முப்பத்தைந்து ரூபாய் மாவு

வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த கடைசி மூன்று வருடம், கம்பெனி கொடுத்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தபடியே நான் இட்லி மாவு விற்றேன். கிலோ முப்பத்தைந்து ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, கவர் எல்லாம் சேர்ந்து இருபத்தேழு. மீதி எட்டு லாபம். கணக்கில் நான் புலி என்று எனக்கு நினைப்பு.

எனக்கு முன்பே எங்கள் பிளாக்குக்கு மாவு கொண்டுவந்தவள், டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் வடக்குத்து ஊர்ப் பெண் ஒருத்தி. என்னைவிடச் சின்னவள். ஸ்கூட்டியில் இரண்டு வாளியோடு வருவாள். விலை நாற்பத்தைந்து. “அவ மாவு விக்கல, கொள்ளையடிக்கிறா” என்று பிளாக் முழுக்கச் சொல்லி வைத்தேன். என் வாய் அப்படி. சனம் என் பக்கம் வந்துவிட்டது.

ஒருநாள் அவளும் முப்பத்தைந்துக்கு இறங்கினாள். “பாத்தீங்களா, இப்ப மட்டும் முடியுதில்ல? இவ்ளோ நாளா பத்து ரூபாய முழுங்கியிருக்கா” என்றேன். இரண்டே மாதத்தில் அவள் வருவது நின்றுபோனது. எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

போன வருடம் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்தில் வாடகைக்கு வந்தோம். முன்னறையில் கிரைண்டரும் பிரிட்ஜும் வைத்து, அதே விலைக்குப் போர்டு மாட்டினேன். மாவு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் டப்பாவில் காசு தங்கவில்லை. உளுந்து வாங்க அவருடைய சேமிப்பில் கைவைத்தபோது எனக்குப் பயம் வந்தது. இந்த வியாபாரம் ஒன்றுதான் என் கையால் நான் சம்பாதித்தது.

முதல் கரண்ட் பில் வந்த அன்று அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“கரண்ட எங்க எழுதிக்கினு வர?”

“அத என்னைக்கு எழுதினேன்?”

“வாடகை? தண்ணி கேனு? உளுந்து எடுக்கப் போற வண்டிக்குப் பெட்ரோலு?”

குவார்ட்டர்ஸில் வாடகை, கரண்ட், தண்ணீர் எல்லாம் அவர் சம்பளத்தில் சின்னத் தொகையாகப் பிடித்துக்கொள்வார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் கிரைண்டர். மாவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்றே எனக்குத் தோன்றியதில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம். கிலோவுக்கு அடக்கமே நாற்பது வந்தது.

அப்படியானால் இதே ஊரில் வாடகையும் கரண்டும் கட்டி நாற்பத்தைந்துக்கு விற்ற அவளுக்கு நின்றது ஐந்து ரூபாய். அதில்தான் அவள் கூலியும். முப்பத்தைந்துக்கு விற்ற இரண்டு மாதமும் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கைநட்டம்.

மறுநாள் போர்டில் நாற்பத்தைந்து என்று மாற்றி எழுதினேன். ஒரு வாரம் கழித்து அவளே வாசலில் வந்து நின்றாள். இப்போது ஒரு மெஸ்ஸில் கூலிக்கு மாவு அரைக்கிறாளாம். ஏதாவது கேட்பாள், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் போர்டைப் பார்த்துவிட்டுச் சரியாக நாற்பத்தைந்தை எடுத்து நீட்டினாள்.

“இதுக்குக் கீழ எறங்கிடாதீங்கக்கா. கட்டாது.”

எடை போட்ட பிறகு மேலே ஒரு கரண்டி மாவு கூட அள்ளினேன். அவள் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டாள்.

“வேணாங்கக்கா. அதுவும் அடக்கத்துல வரும்.”