சித்தி நாற்காலியைத் திருப்பினாள்

என் சித்திக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. காலையில் காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மாலை வரை ஊரிலுள்ள எல்லாக் குழாய்களின் சோகமும் அவள் காதுக்குள்தான் ஒழுகும். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு திரைக்கதை எழுத உட்காருவாள்.

"ரெண்டும் ஒரே வேலைதான்டி. எதுக்குக் கூப்பிட்டாங்களோ அதை யாரும் மொதல்ல சொல்ல மாட்டாங்க" என்பாள்.

அதை நான் அவளுக்கே நடித்துக் காட்டுவேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையை இழுத்து: "மேடம், வீட்ல தண்ணி வரலைங்க. காலையிலேர்ந்தே வரலைங்க. பக்கத்து வீட்ல மட்டும் வருதுங்க!"

சித்தி மேஜையைத் தட்டிச் சிரிப்பாள். "பாத்தியா? புகாரே கடைசி வரிதான். முன்னாடி இருக்கறதை வெட்டிட்டா அதான் வசனம்."

நான் அவளுடைய அக்கா மகள். யாராவது என் எதிரில் நாலு வார்த்தை பேசிவிட்டால் ஐந்தாவது வார்த்தையை அவர் குரலிலேயே நான் பேசிவிடுவேன். வீட்டில் என் பெயர் ரேடியோ. அம்மா கோபமாக இருக்கும்போது மட்டும், "அந்த ரேடியோவை யாராவது அணைங்க."

சித்தி எழுதியதை முதலில் கேட்பவர் சித்தப்பா. பஸ் ஓட்டுகிறவர். டூட்டி முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தால் சித்தி வாசிக்க ஆரம்பிப்பாள். எந்த வரியில் அவர் தலை சாய்கிறதோ அந்த இடத்தில் சித்தி சிவப்பு மையால் ஒரு கோடு போடுவாள். மறுநாள் அந்தப் பக்கம் இருக்காது.

"தூங்கிட்டேனா?"

"இல்லைங்க. வேலை செஞ்சீங்க."

"படம் வந்தா என் பேரும் வரணும். வசனம் அவ. தூக்கம் நான்."

அவர் கண்ணை மூடாமல் கடைசி வரை கேட்ட கதை ஒன்றே ஒன்றுதான். தையற்கடைக்காரர் ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய பிள்ளைகள், வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனும் கூடவே இருந்த தங்கையும், கடையைக் காலி செய்கிறார்கள். கடைசியில், தைக்கக் கொடுத்தவர் திரும்பி வாங்கிப் போகாத பேன்ட் ஒன்று ஹேங்கரில் மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது என்று இரண்டு பேரும் பேசுகிறார்கள். பேன்ட்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். சித்தி பல வருஷமாக எழுதி, வெட்டி, திரும்ப எழுதிய காட்சி அது. சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய் தன் அப்பாவின் பழைய சட்டையை இஸ்திரி போட்டார்.

ஒரு சினிமா கம்பெனிக்காரரும் அந்தக் கதையைக் கேட்டார். "நல்லாருக்கு. ஆனா பேன்ட் எதுக்கு? அண்ணனும் தங்கச்சியும் கட்டிப் பிடிச்சு அழட்டும், பின்னாடி வயலின் விட்டுடலாம்" என்றார். சித்தி பேப்பர்களைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள். "அப்போ வயலின்காரர்கிட்டயே கதை கேட்டுக்குங்க" என்று வந்துவிட்டாள். அந்தக் காட்சியை எழுதியபடியே யாராவது எடுக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. எடுக்கிறவர் கிடைக்காவிட்டால் பேன்ட் ஹேங்கரிலேயே தொங்கட்டும் என்று இருந்தாள்.

அவளைப் போல எழுதுகிறவர்கள் ஊரில் இன்னும் சிலர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியறையில் கூடுவார்கள். ஸ்கூல் நடத்தும் அம்மாவும் எழுதுகிறவர்தான். அவர் கதையில் கல்யாணமா, மழை. சாவா, மழை. பேங்க் கொள்ளையா, கொள்ளையர்கள் நனைந்துகொண்டே ஓடுவார்கள். அதனால் அவருக்கு மழை மேடம் என்று பெயர். ஒரு பல் டாக்டரும் வருவார். பேய்க் கதை மட்டும் எழுதுவார். நல்ல மனிதர், ஆனால் எதைப் பேசினாலும் பஸ் நிலையத்து அறிவிப்பு மாதிரி இருக்கும். பேய் வருவதையும் எச்சில் துப்பச் சொல்வதையும் ஒரே குரலில் சொல்வார்.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. யாருடைய கதை வாசிக்கப்படுகிறதோ அவர் பேசக் கூடாது. ஆரம்பத்தில் எல்லோரும் நடுவில் புகுந்து, "இங்க ஹீரோ மனசுக்குள்ள அழறான், அதாவது..." என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். மழை மேடம்தான் பொறுக்க முடியாமல் கத்தினார்: "தியேட்டர்ல ஒவ்வொரு சீட்டுக்கும் பக்கத்துல உக்காந்து விளக்கப் போறீங்களாய்யா?" வாயை மூடினார்கள். ஆனால் புருவத்தால் விளக்க ஆரம்பித்தார்கள். அதனால் எழுதியவரின் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார்கள். சுவரில் சாலைக் குறியீடுகளின் படம் தொங்கும். தன் கதையைப் பிறர் வாசிக்க, எழுதியவர் ‘வலப்புறம் திரும்பாதே’யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் திரும்பினால் வாசிப்பு அதோடு முடிந்தது.

வாசிப்பது பெரும்பாலும் நான். எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பேன். கிழவன், போலீஸ், குழந்தை, குழந்தையை அதட்டும் போலீஸ். என்னை வாசிக்கச் சொல்லி அந்த அறையில் போட்டியே நடக்கும். பல் டாக்டரின் பேய்க்கே நான்தான் உயிர் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒரு டைரக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த படத்துக்குக் கதை தேடிக்கொண்டிருப்பவர். அவருடைய கடைவாய்ப்பல்லைச் சரிசெய்யும்போது டாக்டர் கேட்டிருக்கிறார், "எங்க கூட்டத்துல ஒருத்தங்க எழுதின கதை இருக்கு, வந்து கேக்கறீங்களா?" வாய்க்குள் இரண்டு கருவிகள் இருக்கும்போது யாரால் மறுக்க முடியும்? ‘ஆ’ என்றிருக்கிறார். டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சித்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். படியேறும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஜில்லென்றிருந்தது.

"ஒழுங்கா வாசிடி."

"சித்தி, ரேடியோ இருக்கு. நீ சும்மா உக்காரு."

சித்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். டைரக்டர் கன்னத்தைத் தடவியபடி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன்.

அன்றைக்கு என் தொண்டை நான் சொன்னபடியெல்லாம் கேட்டது. அண்ணனுக்குத் தொப்பை வைத்த குரல் ஒன்று கொடுத்தேன். தங்கைக்கு உதட்டைப் பிதுக்கி, மூக்கைச் சிந்தி ஒரு குரல். காலி செய்ய வந்த லாரிக்காரனுக்கு வாயில் வெற்றிலை. அறையே குலுங்கியது. பேன்ட் காட்சி வந்ததும் தொப்பையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

"இந்தப் பேன்ட் யாருது?"

"பேர் எழுதின சீட்டு விழுந்துடுச்சு. தெரியல."

"அப்போ தூக்கிப் போட்டுடலாம்."

மழை மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டைரக்டர் தொடையில் தட்டி, "அருமை! அருமைம்மா!" என்றார்.

சினிமாவைச் சுற்றி இருப்பவர்களுக்கு அந்த வார்த்தை தெரியும். பிடிக்கவில்லை என்றால் யாரும் பிடிக்கவில்லை என்று சொல்வதில்லை. ‘அருமை’ என்பார்கள், கை கொடுப்பார்கள், காரில் ஏறிப் போய்விடுவார்கள். ஆனால் அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு அது கைதட்டல். மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன்.

கிரீச் என்று ஒரு சத்தம். சித்தி நாற்காலியை முழுதாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்துடி."

"சித்தி! திரும்பக் கூடாது!"

"தெரியும். நிறுத்து." டைரக்டரைப் பார்த்தாள். "சார், இப்போ நீங்க சிரிச்சது இவளுக்கு. நான் எழுதினதை நீங்க இன்னும் கேக்கல."

மழை மேடம் பதறிவிட்டார். "என்னம்மா நீ, அவரே ரசிச்சுக் கேக்கறாரு! நல்லா ஓடற வண்டிக்கு எதுக்கு பிரேக் போடறே?"

"வண்டி ஓடுது மேடம். தப்பான ரோட்ல ஓடுது."

"விதின்னு ஒண்ணு இருக்கு. திரும்பினா வாசிப்பு முடிஞ்சுது. நாளைக்கு எல்லாரும் திரும்புவாங்க."

"திரும்பட்டும். நான் இன்னிக்குத் திரும்பிட்டேன். இந்த ஒரு சீனை மட்டும் மறுபடியும் வாசிக்கணும். இவ வேண்டாம். டாக்டர் வாசிக்கட்டும்."

டாக்டர் தன் மார்பைத் தொட்டு, "நானா?" என்றார். அந்த ஒரு வார்த்தையும் ‘எட்டாம் நம்பர் மேடையில்’ என்பது போலவே வந்தது.

நான் சித்தியின் காதருகே குனிந்தேன். "அவர் வாசிச்சா செத்துடும் சித்தி. இவ்ளோ வருஷம் எழுதினது."

"செத்துட்டா நான் எழுதினது சரியில்லைன்னு அர்த்தம். அதையும் இன்னிக்கே தெரிஞ்சுக்கறேன். குடு அவர்கிட்ட."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவளுக்கு வந்திருந்தது ஒரே வாய்ப்பு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டைரக்டர் வடிவத்தில். அதை அவளே பிடித்து உலுக்குகிறாள். டைரக்டர் கையைக் கட்டிக்கொண்டார். மழை மேடம் கூரையைப் பார்த்து, "சரி, வாசிங்க. நான் பாக்கலை, கேக்கலை" என்றார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தார். சித்தி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் வாசித்தார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. யார் பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்தே வாசித்தார்.

"அண்ணன். இந்தப் பேன்ட் யாருது. தங்கை. பேர் எழுதின சீட்டு விழுந்துடுச்சு, தெரியல. அண்ணன். அப்போ தூக்கிப் போட்டுடலாம். தங்கை. வருவாரு. அண்ணன். அப்பா போயே இத்தனை மாசமாச்சு, இன்னும் அந்த ஆளு வரலையே. தங்கை. வருவாரு. அண்ணன். வந்தா கடை இருக்காது. தங்கை. இருக்கும்."

கீழே தெருவில் யாரோ சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் பக்கத்தைத் திருப்பினார்.

"அண்ணன் கையில் பேன்ட். பாதி மடித்தவன் நிறுத்துகிறான். அண்ணன். யாரு தைக்கறது. தங்கை. பேன்ட்டை மடிக்காதே. மாட்டி வை."

அவ்வளவுதான். ‘மாட்டி வை’யை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எப்படி வாசிக்கலாம் என்று ஒத்திகை பார்த்தவள் நான். உதட்டைப் பிதுக்கி, இழுத்து, சிரிப்பு வாங்க ஏற்பாடு செய்திருந்தேன். இப்போது பல் டாக்டர் அதைத் தேதி சொல்வது போலச் சொல்லிவிட்டார். கடையை விட்டுப் போகமாட்டேன் என்று ஒரு பெண் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையைப் பயன்படுத்தாமலே சொல்லிவிட்டாள். இத்தனை முறை வாசித்தும் என் குரல் சத்தத்தில் அது எனக்கே கேட்டதில்லை. என் சித்தி எழுதியது! எழுந்து நின்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போல இருந்தது.

டாக்டர் பேப்பரை இறக்கி, "முடிஞ்சுது" என்றார். அதையும் அதே குரலில் சொன்னதால் அதுவும் வசனம் என்று நினைத்து ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை.

டைரக்டர் ‘அருமை’ சொல்லவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார்.

"கடை வாசல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

மழை மேடம் என் தொடையைக் கிள்ளினார். எனக்கும் புரிந்தது. வெயில் எங்கிருந்து வரும், கேமராவை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்க ஆரம்பித்துவிட்டால் அவர் படத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். அந்த அறையில் எல்லோரும் வருஷக்கணக்காகக் காத்திருந்த கேள்வி. அது எங்கள் சித்தியிடம் கேட்கப்பட்டது.

"மேற்கு" என்றாள் சித்தி. "சாயங்கால வெயில் தையல் மெஷின் வரைக்கும் வரும்."

"பேன்ட்?"

"சாம்பல் கலர். ஒரு கால் மட்டும் ஓரம் அடிச்சிருக்கும். இன்னொண்ணு அப்பா அடிக்கலை."

"வேணும்னா லேசா ஒரு மழை..." என்று ஆரம்பித்தார் மழை மேடம்.

"வேண்டாம்!" என்று அறையே சொன்னது.

டைரக்டர் இப்போதுதான் முதல் முறையாக நிஜமாகச் சிரித்தார். "ஒரு வார்த்தையும் மாத்தப் போறதில்ல. கம்பெனிக்காரங்க கிட்டயும் அதைச் சொல்லித்தான் உள்ள போவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். நான் முடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தேன். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. "டாக்டர், அந்த அண்ணன் வேஷத்துக்கு நீங்க வர்றீங்களா?"

"எனக்கு நடிக்கத் தெரியாது."

"அதான் கேக்கறேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சித்தியும்தான். சிரித்தபடியே அவள் என் தோளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். அவள் கை இப்போது சூடாக இருந்தது.

டைரக்டர் டாக்டரிடமிருந்து பேப்பர்களை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். "அண்ணன் ஷட்டரை இறக்கறான்னு இருக்கு. முழுசா இறக்கறானா?"

"பாதிதான்."

"ஏன்?"

"தங்கச்சி உள்ள இருக்காளே."

டைரக்டர் பேப்பரை அவள் பக்கம் திருப்பினார். "அதை இதுல எழுதிடுங்க" என்று நீட்டினார்.

சித்தி என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, உட்காரக்கூடத் தோன்றாமல், நின்றபடியே எழுத ஆரம்பித்தாள்.