ஆய்வுக்குள் வராத கால்

மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் நான் மருத்துவராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் இந்த வட்டாரத்தில்தான். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். நான் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே மாற்றல் கேட்டு வந்தபோது கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். அது வேறு கதை.

இனிப்புநீர் என்று நாங்கள் சொல்லும் நீரிழிவோடு என்னிடம் வருபவர்களில் தோட்டத்து ஆட்களின் கால்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் நாளெல்லாம் தெரியாது. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் காலுறை புண்ணின் நீரில் நனைந்திருக்கும். வேர்வை என்று நினைத்து உதறிக் காயப் போட்டுவிடுவார்கள். விரல் கறுத்த பிறகு எங்களிடம் வருவார்கள். நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அங்கே விரலை எடுத்துவிட்டு எங்களிடமே திருப்பி அனுப்புவார்கள், கட்டு மாற்ற.

மாவட்டச் சுகாதாரக் கூட்டங்களில் இதைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வந்தது. ஆதாரம் இருக்கிறதா? அனுபவத்தைச் சொல்லாதீர்கள், ஆய்வு இருந்தால் சொல்லுங்கள். சரி, அந்த ஆய்வைச் செய்யக் கற்றுக்கொள்வோம் என்றுதான் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கான மருத்துவ ஆய்வு முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் கோலாலம்பூரில் வகுப்பு. எல்லோரும் முந்தின நாள் வேலை முடித்த களைப்போடு வந்து உட்காருவோம். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, நோயாளியிடம் சம்மதம் எப்படி வாங்குவது, எந்தக் கணக்கை எங்கே நம்பக்கூடாது. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

என் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக வந்த பேராசிரியர் ஒரு தமிழர். கோலாலம்பூரிலேயே பிறந்தவர், அவருடைய அப்பாவும் டாக்டர். என் யோசனை எளிமையானது. நோயாளிக்கு ஒரு கைக்கண்ணாடி கொடுத்து, உள்ளங்காலைத் தினமும் தானே பார்க்கச் சொல்லித்தர வேண்டும். வாரந்தோறும் போனில் ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர்கள் காலைப் படமெடுத்துத் தாதிக்கு அனுப்பலாம். ஒரு பாதிப் பேருக்கு இது, மறுபாதிக்கு வழக்கமான அறிவுரை. எந்தப் பக்கம் புண் குறைகிறது என்று பார்க்க வேண்டும். பேராசிரியருக்கு அது உடனே பிடித்துவிட்டது. இன்னும் சில கிளினிக்குகளைச் சேர்த்துக்கொள்ளலாம், பெரிதாகச் செய்யலாம் என்றார். அவர் உழைக்காதவர் என்று நான் சொல்லமாட்டேன். என் முதல் வரைவை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான்.

ஆய்வுத் திட்டத்தை அவர் முழுமையாக்கி அனுப்பினார். அதில் யார் யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பகுதியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. மலாய் அல்லது ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன்.

“இந்த வரி எதுக்கு புரொபசர்?”

“அது ஸ்டாண்டர்ட்தான் லா. எல்லா ஸ்டடியிலயும் இருக்கும்.”

“எங்க தோட்டத்து ஆளுங்கள்ல வயசானவங்க தமிழ்தான் படிப்பாங்க. சிலருக்கு அதுவும் வராது. அவங்க காலப் பாத்துத்தான் இந்தக் கேள்வியே வந்துச்சு.”

“புரியுது. ஆனா வாழ்க்கைத் தரம் பத்தின கேள்வித்தாள் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் சரிபார்த்து வச்சிருக்கு. தமிழ்ல இல்ல. அத சரிபார்க்கணும்னா அதுவே ஒரு தனி ஸ்டடி. உன் கோர்ஸே முடிஞ்சிரும்.”

“புண்ணு வந்துச்சா இல்லையான்னு கண்ணால பாக்கப்போறோம். அதுக்குக் கேள்வித்தாள் எதுக்கு?”

“அது இல்லாம நல்ல ஜர்னல் எதுவும் எடுக்காது.”

“நினைவூட்டல குரல்ல அனுப்பலாம். நானே பேசிப் பதிவு பண்றேன். வாசிக்கத் தெரியாதவங்களுக்குச் சாட்சிய வச்சுப் படிச்சுக் காட்டி சம்மதம் வாங்கலாம்னு போன மாசம் நீங்கதானே வகுப்பெடுத்தீங்க.”

அவர் மடிக்கணினியை மூடினார். குரலை உயர்த்தவில்லை. “நீ இப்ப டாக்டரா பேசறியா, தோட்டத்துப் பொண்ணா பேசறியா?”

“ரெண்டும் நான்தான் புரொபசர்.”

“அதான் உன் பிரச்சினை. ஆராய்ச்சின்னா கொஞ்சம் தள்ளி நிக்கத் தெரியணும்.”

காடியை ஓட்டிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும்? அவர் நிற்கும் இடம் ஏற்கெனவே தள்ளித்தானே இருக்கிறது? அங்கே நிற்பதற்கு அவர் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. அதற்கு நடுநிலை என்று ஒரு பெயர் வேறு.

என் மறுப்பைப் பேராசிரியருக்கு எழுத்தில் அனுப்பினேன். மற்ற கிளினிக் மருத்துவர்களோடு ஒரு கூட்டம் நடந்தது. எல்லோரும் நல்லவர்கள். எல்லோருக்கும் நேரமில்லை. முதலில் இதை முடிப்போம், தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வரி அப்படியே நின்றது. விலகிவிடலாமா என்று யோசித்தேன். நான் விலகினாலும் ஆய்வு நடக்கும், உள்ளே இருந்து கேள்வி கேட்க ஆள்தான் இருக்காது என்று பட்டது. அதனால் இருந்தேன்.

ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினோம். புக்கிட் ரோத்தான் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் எப்போதும் ஒன்றாகவே கிளினிக்குக்கு வருவார்கள். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், இப்போது மலிவு விலை வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்கள். இளையவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர், அவரைச் சேர்த்துக்கொண்டோம், கண்ணாடி கிடைக்கும் பாதியில் விழுந்தார். மூத்தவர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சில வருடங்கள் போனவர், பிறகு களை பிடுங்கவும் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கவும் போய்விட்டவர். அவருடைய கால்தான் இருவரில் மோசம். உணர்ச்சியைச் சோதிக்கும் இழையால் உள்ளங்காலைத் தொட்டால் எங்குமே தெரியவில்லை என்பார்.

“என்னை ஏன் டாக்டர் எடுக்கல?” என்று அவர் கேட்டார். “அவளுக்கு மட்டும் நர்ஸ் மிஸி கண்ணாடியெல்லாம் குடுத்துச்சு.”

“இந்த ஆய்வுல மலாய் படிக்கத் தெரிஞ்சவங்களத்தான் சேர்க்கிறாங்க அக்கா.”

“காலப் பாக்கறதுக்கு மலாய் எதுக்கு?”

முதுகலை மாணவி நான். ஆய்வு வடிவமைப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். வழக்கமாக எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையைத் தமிழில் நிதானமாகச் சொன்னேன். ஆய்வில் இல்லாதவர்களுக்கும் கண்ணாடியும் குரல் பதிவும் கொடுக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். ஆய்வு முடியும்வரை வெளியே கொடுத்தால் அக்கம்பக்கத்தில் கலந்துவிடும், ஒப்பீடு கெட்டுவிடும் என்றார். முறைப்படி அது சரிதான். அந்த ஆய்வில் பல காரியங்கள் முறைப்படி சரியாகவே நடந்தன.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் அந்த மூத்தவரை அவருடைய மருமகன் காடியில் கொண்டுவந்து இறக்கினார். பழம் பொறுக்கப் போன இடத்தில் செம்பனை மட்டையின் முள் பூட்ஸைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாளாக அந்த முள்ளின் மேலேயே நடந்திருக்கிறார். வீட்டில் நாற்றம் வந்த பிறகுதான் மகள் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். வீட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டை நான் பிரித்ததும் தாதி ஜன்னலைத் திறந்துவிட்டார்.

“வலிக்கல டாக்டர்,” என்றார் அவர், என்னைச் சமாதானப்படுத்துவது போல.

பெரிய ஆஸ்பத்திரியில் முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

செய்தி வந்த அன்று மதியம் நான் பேராசிரியரைப் போனில் கூப்பிட்டேன். எங்கள் ஆய்வு நடக்கும் கிளினிக்கில் இப்படி ஒருவருக்கு ஆகிவிட்டது என்றேன்.

“ஐயோ பாவம். ஸ்டடி நம்பர் என்ன?”

“நம்பர் இல்ல. அவங்க ஸ்டடியில இல்ல புரொபசர். தமிழ் மட்டும் தெரிஞ்சவங்க.”

“ஓ. அப்ப ரிப்போர்ட் பண்ணத் தேவையில்ல லா.”

போனைக் கையால் மூடிக்கொண்டு, அடுத்தவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லித் தாதியிடம் சொன்னேன். அவர் நான் அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, “இங்க பாரு, அவங்கள எடுத்திருந்தாலும் வழக்கமான அறிவுரை மட்டும் கிடைக்கிற பக்கம் விழுந்திருக்கலாம். கால் போயிருக்கலாம்,” என்றார்.

“போயிருந்தா கணக்குலயாவது வந்திருக்கும்.”

கிளினிக்கில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். உண்மையிலேயே காத்திருந்தார்கள்.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. கண்ணாடியும் நினைவூட்டலும் கிடைத்தவர்களிடம் புண் குறைவு, வந்த புண்ணும் சீக்கிரமே கண்ணில் பட்டது. இளையவரான அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் குதிகால் வெடிப்பைப் படமெடுத்து அனுப்பினார், அதை நாங்கள் நேரத்தோடு ஆற்றினோம். எனக்கு மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சி கோபத்தைக் கூட்டியது. வேலை செய்கிற ஒரு காரியத்தைத்தான் நாங்கள் மறுத்திருந்தோம் என்பது இப்போது நிரூபணமாகிவிட்டதே.

பட்ட ஆய்வேட்டில் குறைபாடுகள் பகுதியில் ஒரு பத்தி எழுதினேன். இந்தக் கேள்விக்குக் காரணமானவர்களில் பெரும்பாலோர் இந்த ஆய்வில் இல்லை. அவர்களைச் சேர்க்க முடியாமல் போகவில்லை, சேர்ப்பதில்லை என்று நாங்கள் முடிவெடுத்தோம். அதற்கான வழிகள் தெரிந்தே இருந்தன. இவ்வளவுதான் அதன் சாரம், இதைவிடக் கொஞ்சம் சூடாக.

பேராசிரியர் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாக்கியத்தை எழுதித் தந்தார். முடிவுகள் எல்லா மக்களுக்கும் பொருந்தாமல் போகலாம். உலகத்து ஆய்வுகள் எல்லாவற்றிலும் காணப்படும் வாக்கியம். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று எதுவும் அதில் இல்லை. மழை பெய்யலாம் என்பது போல, பொருந்தாமல் போகலாம்.

“இத மாத்தமாட்டேன் புரொபசர்.”

“அப்ப நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

எங்களுக்கு ஆய்வு நெறிமுறை வகுப்பெடுத்த மலாய் விரிவுரையாளர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மையார். ஆய்வின் சுமையை யார் சுமக்கிறார்கள், பலனை யார் அடைகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருங்கள் என்று வகுப்பில் சொன்னவர். ஏட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். பத்தியை இரண்டு தரம் வாசித்தார். இதில் எழுதியிருப்பது உண்மையா என்று மலாயில் கேட்டார். ஒவ்வொரு வரியும் உண்மை என்றேன். அப்படியானால் இருக்கட்டும், ஆனால் இந்த அடைமொழிகளை எல்லாம் எடுத்துவிடு, கோபம் உண்மையிலேயே இருந்தால் அவை இல்லாமலும் தெரியும் என்றார். எடுத்தேன். பத்தி பாதியாகச் சுருங்கியது. முன்னைவிடக் காரமாகவும் ஆனது.

அவர் இணை மேற்பார்வையாளராகக் கையெழுத்திட முன்வந்தார். அவர் கையெழுத்தே போதும் என்று துறை ஏற்றுக்கொள்வதற்குள் என் படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போனது. நேர்முகத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பி, இந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று கேட்டார். முதலில் கேட்டது என்னை. நடந்ததைச் சொன்னேன். பிறகு அவர் பேராசிரியரைப் பார்த்தார். நேரம் போதவில்லை என்றார் பேராசிரியர். தேர்வாளர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். நான் தேறிவிட்டேன். வெளியே வரும்போது பேராசிரியர் எனக்குக் கைகொடுத்தார். வாழ்த்துகள் என்றார். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

கொஞ்ச காலத்தில் அந்தப் பயிற்சி எங்கள் வட்டாரக் கிளினிக்குகளுக்கு வழக்கமான சேவையாக வந்தது. கூடவே வண்ணக் கையேடுகளும் வந்தன, மலாயிலும் ஆங்கிலத்திலும். தாதிகள் இருவரோடு உட்கார்ந்து நினைவூட்டல்களைத் தமிழில் பேசிப் பதிவு செய்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஒரு மதிய இடைவேளையில் முடிந்துபோன வேலை அது. இதற்காகவா ஒரு வருடத்துக்கு மேல் முடியாது முடியாது என்று சொன்னீர்கள் என்று சுவரைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது.

அந்த மூத்த அக்காவுக்கு நானே கண்ணாடியைக் கொடுத்தேன். தனியாகத் தைத்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு, மகளைப் பிடித்தபடி வந்திருந்தார்.

“இப்ப குடுக்கிறீங்களா டாக்டர்,” என்றார்.

“இன்னொரு கால் இருக்குல்ல அக்கா. அதப் பாத்துக்கணும்.”

அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளிடம் கொடுத்துப் பையில் போடச் சொன்னார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாததால் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளைத் தமிழில் மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அந்த மலாய் அம்மையார்தான் ஆலோசகர். இங்குள்ளவர்கள் பேசும் தமிழில், அவர்கள் காலைப் பற்றி அவர்கள் சொல்கிற மாதிரியே கேள்விகள் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நெறிமுறைக் குழுவிலிருந்து போன வாரம் முதல் பதில் வந்தது. தமிழ் தெரிந்தவர்களை மட்டும் சேர்ப்பது ஏன், மற்ற மொழிக்காரர்களை விலக்குவது நியாயமாகுமா என்று கேட்டிருந்தார்கள்.

தாதியைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் விளக்கம் எழுதினேன். பிறகு அதிலிருந்த அடைமொழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அனுப்பிவைத்தேன்.