அரைச்சுவருக்கு மேலே வந்த தும்பிக்கை

பிள்ளைகள் ஆளுக்கொரு பிடியாகக் கொண்டுவந்த அரிசியை வகுப்பறையில் வைப்பதற்கு முன் யாரைக் கேட்டிருக்க வேண்டும்? மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைப் பள்ளி ஒன்றில் ஒரு தவணை ஆங்கிலம் கற்பிக்கக் கும்பகோணத்திலிருந்து போயிருந்தேன். தை மாதத் திங்கட்கிழமை ஒன்று எனக்கு இந்தக் கேள்வியைத் தந்தது.

காலை ஆறரைக்கு நாவற்குடாவிலிருந்து ஆட்டோ புறப்பட்டது. போவதற்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய். வலையிறவுப் பாலத்தைக் கடந்ததும் வயல்கள் பனியில் மறைந்தன. பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் ஓட்டுநர் இரவீந்திரன் எஞ்சினை அணைத்தார். சாலையில் கிடந்த யானை இலத்தியில் ஆவி பறந்தது.

“மாப்புள்ள இப்பத்தான் போயிருக்காரு, டீச்சர்.”

“எந்த மாப்பிள்ளை?”

“தும்பிக்கை வச்ச மாப்புள்ள. சீதனம் ஒண்டும் கேக்கமாட்டாரு. வீட்ட மட்டும் இடிச்சிப்போட்டுப் போவாரு.”

சிரித்தார், கண்கள் மட்டும் பனியை விட்டு அகலவில்லை.

பள்ளிப் பொங்கலுக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் புது அரிசியில் ஒரு பிடி கொண்டுவருவது அங்கு வழக்கம். வெள்ளிக்கிழமை மழை கொட்டியதால் பொங்கல் தள்ளிப்போனது. வந்த அரிசி தரம் ஐந்து வகுப்பறையின் மூலையில் சாக்கில் கிடந்தது.

முதல் பாடவேளை எனக்கு அதே வகுப்பில். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் இரைச்சல் சட்டென்று அறுந்தது. திரும்பினேன். யாரும் சொல்லாமலே எல்லாப் பிள்ளைகளும் மேசையில் தலை கவிழ்ந்திருந்தார்கள். இடுப்பளவு அரைச்சுவருக்கு அப்பால் பனி மட்டுமே இருந்தது. பிறகு அந்தப் பனியிலிருந்து, ஓசையின்றி, ஒரு தும்பிக்கை உள்ளே நீண்டது.

சாக்கை ஒட்டித் துர்ஷிகா இருந்தாள். தும்பிக்கை அவள் ரிப்பனைத் தொட்டது, கழுத்தை முகர்ந்தது, உச்சந்தலையில் படிந்தது. எங்கள் ஊர்க் கோயில் வாசலில் இதே தொடுகைக்காகக் குழந்தைகளைத் தூக்கிப் பிடிப்போம். நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

“அசையாதீங்க டீச்சர்,” முன்வரிசையில் ஒருத்தி தலை தூக்காமல் முணுமுணுத்தாள். “அரிசியத்தான் தேடுது.”

நான் பாய்ந்தால் அது மிரளும். மிரண்டால் முதலில் நசுங்குபவள் துர்ஷிகா. நின்றேன். சாக்கு மேலெழுந்தது, சுவரில் உரசிக் கிழிந்தது, அரிசி அவள்மேல் கொட்டியது. தும்பிக்கை திரும்பி வந்து, அவள் முதுகிலிருந்து அரிசியைக் கூட்டிக் கூட்டி எடுத்தது. அவசரமே இல்லை. பிறகு பனி அதை மூடிக்கொண்டது. காலடிகூடக் கேட்கவில்லை.

“எங்கட பொங்கலத் திண்டுட்டான்!” என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. துர்ஷிகா தலை தூக்கவில்லை.

நண்பகலில் தாய் வந்து அவளை அழைத்துப் போனார்.

“படிப்பு வேணும்தான் டீச்சர். புள்ளையும் வேணுமே. இனி அனுப்பமாட்டன்.”

அந்த ஆண்டு அவளுக்குப் பெரிய பள்ளியில் இடம் வாங்கித்தரும் புலமைப்பரிசில் பரீட்சை. ஆயினும் அவள் பையை எடுத்து நானே தாயிடம் கொடுத்தேன். பள்ளி அதிபர் மறுநாளே பெற்றோரைக் கூட்டி, அரிசியை என்ன செய்வது என்று அவர்களையே கேட்டார்.

அன்றிலிருந்து பள்ளியில் ஒரு மணி தானியமும் தங்குவதில்லை. சமைக்கும் அன்றே தாய்மார் கொண்டுவருகிறார்கள். மேசைகளை நடுவுக்கு இழுத்துவிட்டோம். அடுத்த வாரம் துர்ஷிகா வந்தாள். நான் புறப்பட்ட நாள்வரை அந்தச் சுவருக்கு முதுகு காட்டி அவள் உட்காரவில்லை.