சுகர் இல்லை என்று எழுதியவர்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஹம்சவேணியிடம் சொன்னால், "பூமியை வச்சு நான் என்ன செய்ய?" என்று கேட்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மனிதரின் வாயிலிருந்து ஒரே ஒரு உண்மை. அதற்காகப் பல வருஷம் பொறுத்தாள். அதைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் நான்.

திருநகரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். வேணியின் கணவர் ராதாகிருஷ்ணன் விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலுக்கு வந்தால் நம்ம மதுரைத் தமிழ். மகன் விஜய்ஆனந்துக்கு நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. மகள் ஸ்வப்னாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்றேழில், பேரன் பிறக்கப்போகிறான் என்று இரண்டு பேரும் அமெரிக்கா கிளம்பினார்கள். டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் வெங்கடேஷ்பாபு பொறுப்பு. ராதாகிருஷ்ணனின் சித்தப்பா மகன். தல்லாகுளத்தில் டிராவல்ஸ் வைத்திருந்தார், கூடவே இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் வந்தபோது நானும் அங்கே இல்லாமல் போனேனே என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல்.

வேணி அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்: "தம்பி, உங்க அண்ணனுக்கு சுகர் இருக்கு. அதை மறக்காம எழுதிருங்க."

"நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனவர், பழைய வியாதி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். சுகர் என்று எழுதினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், ரிப்போர்ட் வரவேண்டும், நாள் இழுக்கும். எழுதிய பாரத்தை அண்ணன் கடைக்கே கொண்டுபோய் நீட்டினார். தம்பி நீட்டினான் என்று அண்ணன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ராதாகிருஷ்ணன் அப்படிப்பட்ட மனிதர்தான், நல்லவர்.

ஜனவரியில் ஒரு நாள், மகன் வீட்டுப் படியில் உறைந்திருந்த பனியில் அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சுகருக்கும் வழுக்கி விழுவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. சுகர் என்று எழுதியிருந்தால், சுகரால் வரும் செலவை மட்டும் தரமாட்டார்கள், எலும்புக்குத் தந்திருப்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்துவிட்டது. பொய் எழுதிய பாலிசி செல்லாது என்று கம்பெனி எல்லாவற்றுக்கும் கைவிரித்தது. ஆஸ்பத்திரி பில் கட்ட, விஜய்ஆனந்த் முன்பணம் கட்டியிருந்த புது வீட்டை விட்டான். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தி அப்பாவை சக்கர நாற்காலியில் மதுரைக்கு அனுப்பினான். ஆபரேஷன் புண் ஆறவில்லை. ஆடி மாதம் ராதாகிருஷ்ணன் போய்விட்டார்.

இதுவரைக்கும் விதி என்று விட்டிருக்கலாம். விடமுடியாதது அடுத்தது.

"ஏன் சித்தப்பா இப்படி எழுதுனீங்க?" என்று மகன் கேட்டதற்கு வெங்கடேஷ்பாபு சொன்னாராம்: "நான் என்னப்பா செய்ய? ஸ்வப்னாவுக்கு வரன் வந்துக்கிட்டு இருக்கு, சுகர்னு வெளிய தெரிஞ்சா கெட்டுப்போயிரும், எழுத வேணாம்னு உங்க அம்மாதான் சொன்னாங்க."

நம்பும்படியான பொய். அவர்கள் ஜனத்தில் என்று இல்லை, மதுரையிலேயே அப்படித்தான். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் அப்பனுக்கு சுகர் கிடையாது, அம்மாவுக்கு பிரஷர் கிடையாது. தாலி ஏறிய மறுநாள்தான் மாத்திரை டப்பா அலமாரியை விட்டு வெளியே வரும். அதனால் மகன் நம்பினான். காரியத்துக்கு வந்தவன் அம்மா முகத்தைப் பார்க்காமல் எல்லாம் செய்துவிட்டுப் போனான். அவள் எவ்வளவோ சொன்னாள். "சித்தப்பா எதுக்கும்மா பொய் சொல்லணும்?" என்றான். அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் மருமகள்தான் எடுப்பாள்.

வேணி அழுது நான் பார்த்தது கொஞ்சம்தான். முதலில் அவள் செய்தது, வெங்கடேஷ்பாபுவிடம் தங்கள் பாஷையில் பேசுவதை நிறுத்தியது. ஒரு கல்யாணத்தில் எதிரே வந்து "அண்ணி" என்றவரிடம், "சொல்லுங்க சார்" என்று தமிழில் கேட்டாள். பஸ்ஸில் இடம் கேட்கிற ஆளிடம் பேசுவதுபோல. சுற்றி நின்ற சொந்தமெல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆவதற்குப் பரீட்சை என்று வந்ததும், ஸ்வப்னாவுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு வேணி போய் எழுதினாள். பாஸ் செய்தாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடாகப் பார்த்துப் போனாள். ஆண்களை ஹாலில் உட்காரவைத்துவிட்டு நேராக அடுப்படிக்குள் நுழைவாள். "சுகர், பிரஷர், நெஞ்சுல ஏதும் செஞ்சது, எல்லாம் சொல்லுங்க. இந்தச் சுவரைத் தாண்டாது." தாண்டவும் தாண்டாது. ஒருமுறை இரண்டு சம்பந்திகளுமே பைபாஸ் செய்தவர்கள், இரண்டு பேருமே அவளிடம் பாலிசி எடுத்தவர்கள். அந்த வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று இரண்டு பக்கமும் அவள் காதைக் கடித்தார்கள். இரண்டு பக்கமும் அவள் வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அந்தப் பேர் பரவியது. வெங்கடேஷ்பாபுவிடமிருந்து குடும்பம் குடும்பமாக இவளிடம் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு பொட்டலம் அல்வா கொண்டுவருவாள்.

"எதுக்கு வேணி?"

"தல்லாகுளத்துல ஒரு வீடு குறைஞ்சுச்சுக்கா."

கடைசியில் அவர் டிராவல்ஸை மூடினார், ஏஜென்சியும் போனது. போர்டைக் கழற்றும்போது வேணி பஸ் ஏறிப் போய் எதிர்ப்புறம் நின்று பார்த்தாள். மனசு ஆறியதா என்று கேட்டேன். "இன்னும் வாயைத் திறக்கலையே" என்றாள்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது சும்மா இல்லை. இரண்டாயிரத்து ஆறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்கடேஷ்பாபுவும் அவர் மனைவி நாகமணியும் வேணி வீட்டு வாசலில் நின்றார்கள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்த என்னை, "இருங்கக்கா" என்று வேணி உட்காரவைத்தாள்.

மூத்த மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம். போயே ஆகவேண்டும். இளையவளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவருக்கோ சுகர், நெஞ்சில் ஸ்டென்ட் வேறு. மறைத்தால் என்ன ஆகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. வேறு ஏஜென்டிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரியும். வெளியே விடாத ஏஜென்ட் மதுரையில் ஒருத்திதான். நாகமணி அதைச் சொல்லி அழுதாள்.

"எழுதித் தாரேன்" என்றாள் வேணி. "வெளிய ஒரு வார்த்தை போகாது. அதுக்கு முன்னாடி சார் ஒரு போன் பேசணும்."

அவளே நம்பரை அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அதிசயமாக விஜய்ஆனந்தே எடுத்தான். வெங்கடேஷ்பாபு அவர்கள் பாஷையில் ஆரம்பித்தார்.

"தமிழ்ல சொல்லுங்க சார். அக்காவும் கேக்கணும்."

அவருக்கு வேர்த்துவிட்டது. எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை.

"விஜி, சித்தப்பா பேசுறேன். அப்பாவுக்கு சுகர் இருக்கு, எழுதுங்கன்னு அம்மா அன்னைக்குச் சொல்லத்தான் செஞ்சாங்க. நான்தான் இல்லைன்னு எழுதுனேன். டெஸ்ட்டு அது இதுன்னு நாள் இழுக்குமேன்னு எழுதுனேன். பிறகு பயந்துபோயி பழியை அம்மா மேல போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் அழுகை. "அம்மா, மன்னிச்சிரும்மா. இது தெரியாமப் போச்சேம்மா" என்றான்.

இதற்காகத்தானே அத்தனை வருஷம். வேணி முகம் மலரும் என்று பார்த்தேன். அது இறுகியது.

"தெரியாம இல்லடா. நான் சொன்னேன். நான் சொன்னப்ப நம்பல, இவர் சொன்னதும் நம்பிட்ட. அப்பவும் உனக்கு இவர் வார்த்தைதான், இப்பவும் இவர் வார்த்தைதான்."

போனைக் கட் செய்தாள். உடனே மறுபடி அடித்தது. எடுக்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்கட்டும்க்கா. நான் எம்புட்டு அடிச்சேன், எடுத்தானா?"

வெங்கடேஷ்பாபு தலை நிமிரவில்லை. நாகமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வேணி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க சார். சுகர் இருக்கா?"

"இருக்கு" என்றார்.

"இருக்குன்னே எழுதுறேன்" என்றாள் வேணி.