ஸ்பீக்கரும் கறிவேப்பிலைச் செடியும்

1997 கோடை. நான் ஓய்வு பெற்ற புதிது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. எதையும் விதிப்படி செய்தே பழகிய அரசு ஊழியன் சும்மா உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவர்கள் பாவம். அதனால் சொந்தமாக ஸ்பீக்கர் செய்ய இறங்கினேன்.

கொல்லையில் மேசை போட்டு, பிளைவுட் அறுத்து, இரண்டு பெட்டிகள் செய்தேன். கூடவே மனைவிக்கு ஓர் உத்தரவு: பாத்திரம் கழுவிய தண்ணீரை இனி அங்கிருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றக் கூடாது. பலகை ஈரத்தில் உப்பிவிடும்.

"செடி காஞ்சிடுங்க."

"வேற செடி வெச்சுக்கலாம்."

பெட்டிகள் தயாராயின; உத்தரவு மட்டும் அப்படியே நீடித்தது. பாட்டும் வந்தது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. நாளாக நாளாக அது ஏறியதே தவிர இறங்கவில்லை. வயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து கண்டென்சரை மாற்றினேன். பெட்டிகளை அறை அறையாகத் தூக்கி அலைந்தேன். சோற்றில் கை வைத்தாலும் காதில் அதுதான். பௌர்ணமிக் கூட்டம் தெருமுனையில் இரைந்தபோதும் எனக்கு அது மட்டுமே கேட்டது.

"காலி குடத்துல குளவி பூந்தாப்புல இருக்குது. இதுக்கா இவ்ளோ பாடு?" என்றாள் மனைவி.

அந்த நாட்களில்தான் இன்னொன்றும் சொன்னாள்: "ஃபிரிட்ஜத் தொட்டா சுர்ருங்குதுங்க."

நான் இரைச்சல் விசாரணையில் இருந்தேன். இது வேறு கோப்பு. செருப்பு போட்டுக்கொண்டு தொடச் சொல்லி அதை முடித்து வைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பெட்டியில் காதை வைத்து உட்கார்ந்திருந்தேன். இரைச்சல் திடீரென்று பாதியாகக் குறைந்தது. நான் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னும் இறங்கியது. எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இலையெல்லாம் உதிர்ந்து நின்ற செடிக்கு மனைவி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தச் செடியடியில்தான் வீட்டின் எர்த் குழி. கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்ப, கரியும் உப்பும் கொட்டி மூடிய குழி. மண் ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். இந்த ஊர் வெயிலில் அதைக் காயப்போட்டவன் நான். மண்ணுக்குப் போக வழியில்லாமல் பெட்டியில் இரைந்தது அதுதான் என்றால், வீட்டுக்குள் எங்கோ மின்சாரம் கசிகிறது. எங்கே என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

திரும்பினால், ஈரக் கையும் வெறுங்காலுமாக வந்தவள் ஃபிரிட்ஜ் கதவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தொடாதே!"

அவள் அப்படியே நின்றாள். "தண்ணி ஊத்துனதுக்கா இந்தக் கத்து கத்துறீங்க? நாளைக்கும் ஊத்துவேன்."

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஃபிரிட்ஜை இழுத்துப் பார்த்தால், பின்னால் எலி கடித்த வயரின் செம்பு தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "இதத்தான இத்தன நாளா சொல்றேன். உங்க பொட்டி சொன்னாத்தான் காதுல ஏறுமா?"

வயரை மாற்றியதும் இரைச்சல் அடியோடு போனது. ஆனால் இன்றைக்கும் பாட்டு சுத்தமாகக் கேட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. கொல்லைக்குப் போய்ச் செடியடி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுப்படியில் அவள் ஏதாவது சொன்னாளா என்றும் ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் வந்து உட்காருகிறேன்.