காய்ச்சல் வராத ஆதிநாராயணன்

சிறுநீர்ப்பையில் கட்டி வந்தவர்கள் காத்திருக்கும் பெஞ்சில்தான் ஆதிநாராயணன் எனக்குப் பழக்கமானான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சுனாமிக்கு அடுத்த வருஷம். நான் அப்துல் வஹாப், புதுவாயலில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். அவன் கவரைப்பேட்டைக்காரன். மீசை முளைத்த நாளிலிருந்து கும்மிடிப்பூண்டியில் சாயத்துக்கான ரசாயனம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. எனக்குப் பீடியால் வந்தது என்று அடித்துச் சொன்னார்கள். அவனுக்கு மட்டும் சாயத்தால் வந்திருக்கலாம் என்று இழுத்தார்கள். ஏழை பிடிக்கும் பீடி என்றால் உறுதி, முதலாளியின் புகை என்றால் 'லாம்'.

ஆதி வாய்ச்சவடால் பேர்வழி. ஆனாலும் பேசும் அளவுக்கு ஒரு காரியம் செய்திருந்தான். ஒருமுறை உடன் வேலை பார்த்தவன் முகத்தில் ஆசிட் தெறித்தபோது எல்லோரும் அலறிக்கொண்டு நின்றார்களாம். இவன்தான் அவனைத் தரதரவென்று இழுத்துப் போய் அவசர ஷவருக்கு அடியில் நிறுத்தி, சங்கிலியை இழுத்துத் தண்ணீரைக் கொட்டினானாம். அந்த ஆளுக்குக் கண் தப்பியது. "கெமிக்கலு பட்டா யோசிக்கவே கூடாது பாய். தண்ணி வுட்டு அட்ச்சிடணும்" என்பான்.

எங்கள் இருவருக்கும் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாராவாரம் குழாய் வழியாக ஒரு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டார்கள். குழந்தைகளுக்குக் கையில் போடும் பி.சி.ஜி.தான். நர்ஸ் மேரி கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு வருவார். "ரெண்டு மணி நேரம் அடக்கிக்கணும். அப்புறம் போய்ட்டு கக்கூஸ்ல பிளீச்சிங் பவுடர் போடணும்" என்பார். இந்த மருந்து பிடித்தால் பை தப்பும். பிடிக்காவிட்டால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு வயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட வேண்டும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். ஆதிக்குப் புற்றைவிட அந்தப் பைதான் பயம். "பைய மாட்டிக்கினு போனா எந்தக் கம்பெனிக்காரன் உள்ள வுடுவான்?" என்று என்னையே கேட்பான்.

நான் வியாசர்பாடியில் தங்கை வீட்டுக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போடும். ஆதிக்கு ஒன்றுமே கிடையாது. கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து ஊருக்குப் போய், மறுநாள் ஷிஃப்டுக்கு நிற்பான். "இன்னா பாய், இந்தத் துளி மருந்துக்கே இப்டி பேஜாராய்ட்ட?" என்று சிரிப்பான். எனக்கு எரிச்சலாக வரும், பொறாமையாகவும் இருக்கும்.

எல்லாம் முடிந்து உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். என் பை சுத்தம். ஆதியின் கட்டி திரும்ப வந்து, சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது.

டாக்டரம்மா ஒருமுறைகூடக் காய்ச்சல் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றான், அப்போதும் கொஞ்சம் பெருமையாக. "மருந்த எவ்ளோ நேரம் உள்ள வச்சிருந்தீங்க?"

"எங்க மேடம் வச்சேன். கொழாய எடுத்ததும் நேரா கக்கூஸுக்குப் போய்டுவேன். அப்பால சொம்பு சொம்பா தண்ணி குட்ச்சி நல்லா கழுவி வுட்ருவேன். அந்தம்மா கையால தொடவே பயந்துகினு உறை மாட்டிக்கினு வர்றாங்க, நான் வயித்துல வச்சிக்கினு குந்துறதா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். உள்ளே விட்டது வலுவிழந்த காசநோய்க் கிருமி. நம் உடம்பில் பிறவியிலேயே காவல் செல்கள் உண்டு. அவற்றின் மேல் இருக்கும் ஏற்பிகள் கிருமியைத் தொட்டதும் அடையாளம் கண்டு கூச்சல் போடும். அந்தக் கூச்சலுக்கு ஓடி வரும் படை, கிருமியோடு சேர்த்துப் புற்றையும் அடிக்கும். காய்ச்சல் அந்தச் சண்டையின் சூடு. கிருமி ஒட்டிக்கொள்ளத்தான் அந்த இரண்டு மணி நேரம். அதே காவல்கள் வருஷக்கணக்கில் ரசாயன எரிச்சலிலேயே கிடந்தால், புண்ணை ஆற்றுகிறோம் என்று கட்டியையே வளர்த்துவிடுவதும் உண்டாம். "அடக்கியிருந்தாலும் கேட்டிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. சில பேருக்குக் கேக்கறதில்ல" என்றார்.

"அப்ப மறுபடி வுடுங்க மேடம். இந்த வாட்டி செத்தாலும் அடக்கிக்கிறேன்."

"இனிமே அதால பிரயோஜனம் இல்லங்க."

அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது எனக்கு. மாடிப்படியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், இத வூட்ல முத்தம்மா கைல சொல்லாத" என்றபோது அழுதுவிட்டேன். சொல்ல மாட்டேன் என்றேன்.

சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு வயிற்றில் பிளாஸ்டிக் பையை மாட்டினார்கள். கம்பெனி அவனை உள்ளே விடவில்லை. புற்று நுரையீரலுக்கும் போனது. தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான்.

காரியத்தன்று கவரைப்பேட்டைக்குப் போயிருந்தேன். அவன் பெண்சாதி முத்தம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதானே பாய்? அடக்க முடியாம ரயிலு பூரா பல்லக் கட்ச்சிக்கினு வந்தேன்னு சொல்வாரு. அவ்ளோ கஷ்டப்பட்டாரே, அவருக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"சில பேர் உடம்புக்குக் கேக்கறதில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க, தங்கச்சி."

"அப்ப அவரு மேல தப்பு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லம்மா" என்றேன்.